பெற்றோரை வீடு மாற்றுவதும் ஒரு பாலாலயமே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

முதியோர் தொண்டு பற்றிப் பேசப் பணித்தார்கள். வயதான தாய் தந்தையரை வீடு மாற்றும்போது பிள்ளைகள் கொள்ள வேண்டிய முறையைப் பற்றி மட்டும் சில சொல்ல விரும்புகிறேன்.

கோயில் திருப்பணி தொடங்குமுன் நாம் என்ன செய்கிறோம்? நல்ல நாள் பார்க்கிறோம். இறைவனிடம் அனுமதி வேண்டுகிறோம். திருவுருவிலுள்ள அருளாற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் அமர்த்துகிறோம். அந்தச் சந்நிதி சிறியதுதான். ஆயினும் நித்திய பூசை ஒரு நாளும் நிற்பதில்லை. அனுமதி கேட்பது, பூசை நில்லாமல் காப்பது ஆகிய இரண்டும் பெற்றோருக்கும் பொருந்தும்.

என் தாயார் தங்ளின் ஹால்ட் வட்டாரத்தின் பத்து மாடிப் புளோக் ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். 1967இல் வெளிவந்த ஒரு வெள்ளி நோட்டின் பின்புறத்தில் இடம்பெற்ற வட்டாரம் அது. அங்கும் காமன்வெல்த் டிரைவிலுமாக 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிவித்தது. டாசனில் புது வீடு கிடைக்கும் என்றோம். “நான் இங்கேயே கண்ணை மூடுறேன், என்னை விட்டுடுங்க” என்றார் தாயார்.

அவருடைய அச்சம் பல நாள் பேசிய பிறகே விளங்கியது. இருட்டிலும் கை தானாகத் தேடிச்செல்லும் சுவிட்சு, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் குரல், தனியே நடந்து போய்வரும் சந்தை, இவையெல்லாம் போய்விட்டால் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டி வருமே என்று அவர் கலங்கினார்.

அவர் நாள்தோறும் வணங்கிய முனீஸ்வரன் கோயிலை நினைவூட்டினேன். தண்டவாளத்தருகே ரயில்வே தொழிலாளர்கள் வழிபட்டுவந்த அக்கோயில், இடம் மாறி 1998இல் காமன்வெல்த் டிரைவில் குடமுழுக்குக் கண்டது. “சாமியே வீடு மாறலையா அம்மா?” என்றேன். தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சாமியை மேளதாளத்தோட அழைச்சாங்க. என்னை லாரியில ஏத்தப் போறீங்க” என்றார்.

அந்தச் சொல்லே எங்களுக்கு வழிகாட்டியது. எந்தப் பொருள் வரவேண்டும், எது வேண்டாம் என்பதைத் தாயாரே முடிவு செய்தார். ஒரு நாளைக்கு ஓர் அலமாரிதான். அம்மிக்கல் உடன் வந்தது. பெரிய அண்டா கோயில் அன்னதானத்துக்குப் போனது. வீடு மாறுமுன்பே புதிய புளோக்கிலிருந்து சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அவரோடு பலமுறை நடந்து வழி பழக்கினோம்.

இடம் மாறிய முதியவர்கள் இரவில் திசை தடுமாறி விழுவதுண்டு. ஆகவே பழைய அறையில் இருந்தபடியே கட்டிலையும் மேசையையும் போட்டோம். 2012இல் தொடங்கிய ஈஸ் திட்டத்தின்கீழ் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரையும் கிடைக்கின்றன. செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. அதற்கு மனுச் செய்தோம்.

புது வீட்டிற்குள் முதலில் சென்றவை சுவாமி படங்கள். நல்ல நேரத்தில் பால் காய்ச்சினோம். தாயாரே குத்துவிளக்கை ஏற்றினார். அன்று மாலையும் வழக்கமான நேரத்தில் விளக்கு எரிந்தது.

இத்தனை செய்தும் முதல் மாதம் அவர் அழாத நாளில்லை. நாங்கள் தடுக்கவில்லை. வாரந்தோறும் மலாய்ப் பாட்டியைப் பார்க்க அழைத்துச் சென்றோம். தீபாவளிக்குள் புதிய அண்டை வீடுகளுக்கு முறுக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கிவிட்டார்.

அன்பர்களே! பெற்றோரைப் பராமரிக்க இந்நாட்டில் 1995இல் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் பணம் பெற்றுத் தரும். பால் பொங்கும் வேளையில் பக்கத்தில் நிற்க ஆள் தராது. பிள்ளைகளற்ற முதியவர்களும் வீடு மாறுகிறார்கள். அவர்களுக்குப் பெட்டி கட்டவும், விளக்கை ஏந்தி உடன் நடக்கவும் நம்மில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு நாளைக் காணிக்கையாகத் தரலாகாதா? பொருள் தந்து இவ்வறத்தை வளர்த்த நீங்கள் அந்த ஒரு நாளையும் தர வேண்டுமென்று கேட்டு, எல்லாம் வல்ல இறைவன் திருவருளை வேண்டி அமர்கிறேன்.