சில்லின் மேல் ஒரு வீடு
(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் நிகழ்வில் இங்கிலாந்துக் கிளையினர் ஆற்றிய உரை)



ஒவ்வொரு கிளையும் இந்த மேடையில் ஒரு விடயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டிருந்தது. கல்லூரியின் வரலாற்றை ஒரு கிளை எடுத்துக்கொண்டது. புலமைப்பரிசில் நிதியை இன்னொரு கிளை எடுத்துக்கொண்டது. எங்களிடம், "நீங்கள் ஏதோ வண்டில் செய்கிறீர்களாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார்கள். ஆகவே வண்டிலைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் ஆறு பேர். இருவர் ஓய்வுபெற்ற தாதிகள், இருவர் ஆசிரியைகள், ஒருவர் கணக்காளர், ஒருவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். நாங்கள் இங்கே படித்த நாட்களில் எமக்கு மனையியலும் தையலும் இருந்தன. மரவேலைப் பாடம் ஆண்கள் பாடசாலையில்தான் நடந்தது. வாள் பிடிக்கத் தெரியாத இந்த ஆறு பேரும் இரண்டு வருடச் சனிக்கிழமைகளில், பிறர் கழித்துவிட்ட பலகை, கதவு, இரும்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரு வீட்டு வண்டிலைக் கட்டி முடித்தோம். ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் றோமானி மக்கள் இங்கிலாந்தில் குடியிருந்த, குதிரை இழுக்கும் வண்டிலின் மாதிரி அது. அவர்கள் மொழியில் அதன் பெயர் 'வார்டோ'.

வண்டிலுக்கு முன் அந்த மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் எண்ணியதால் ஏற்பட்ட பெயர்தான் 'ஜிப்சி'. உண்மையில் அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்களின் சந்ததியினர். அவர்களுடைய மொழி இந்திய மொழிகளுக்கு உறவானது என்பதை 1782இல் றூடிகர் என்ற ஜேர்மன் அறிஞர் எழுதிக் காட்டினார். றோமானியில் தண்ணீருக்குப் 'பானி' என்பார்கள். நம் 'பானம்' அதற்கு உறவு. கண்ணுக்கு 'யாக்' என்பார்கள். மீனாட்சி, காமாட்சி என்ற பெயர்களில் உள்ள 'அட்சி'யிலிருந்து வந்த சொல் அது. மனிதனுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'மனுஷ்'. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

நமது நாட்டிலும் ஜிப்சிகள் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவோர் இருக்கிறார்கள். அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையிலும், அநுராதபுர மாவட்டத்தில் குடாகமவிலும் வாழும் அவர்கள் தெலுங்கு பேசும் மக்கள், றோமானிகளுக்கு வேறானவர்கள். ஊர் ஊராய்த் திரிந்தவர்களுக்கெல்லாம் மற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கிலாந்து றோமானிகள் ஆதியிலிருந்தே வண்டிலில் வாழ்ந்தவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் நடந்து திரிந்தார்கள். கழுதையிலும் சிறு வண்டிலிலும் சாமான்களை ஏற்றி, வளைத்த கம்புகளின் மேல் துணி போர்த்திய கூடாரங்களில் தங்கினார்கள். வீட்டு வண்டில் வந்தது அதன் பிறகு. அதைக் கட்டியவர்களும் பெரும்பாலும் றோமானிகள் அல்லர். வண்டில் செய்யும் ஆங்கிலேயத் தச்சர்கள். றெடிங் நகரத்து டண்டன் குடும்பத்தார், லீட்ஸுக்கு அருகே வில்லியம் றைற் போன்றவர்களிடம் றோமானிக் குடும்பங்கள் சொல்லிச் செய்வித்தன. ஒருவர் கையும் இன்னொருவர் விருப்பமும் சேர்ந்து பிறந்த பொருள் அது.

எங்களுக்கு ஒரு விவசாயி தன் கொட்டிலில் கிடந்த பழைய வைக்கோல் வண்டிலின் அடிச்சட்டத்தைத் தந்தார். நான்கு மரச் சில்லுகள்; ஒன்றில் மூன்று ஆரக்கால்கள் இல்லை. ஓய்வுபெற்ற சில்லுத் தச்சர் ஒருவர் அதைப் பழுதுபார்க்கக் கற்றுத் தந்தார். நடுக்குடம் எல்ம் மரம். அதன் நார்கள் பின்னிக் கிடப்பதால் ஆரக்காலை அடித்து இறக்கும்போது வெடிக்காது. ஆரக்கால் ஓக் மரம், பாரத்தைத் தாங்கும். சுற்றுவட்டத் துண்டுகள் ஆஷ் மரம், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். துண்டு ஒன்றுக்கு இரண்டு ஆரக்கால், அதாவது பன்னிரண்டு ஆரக்காலுக்கு ஆறு துண்டு. சில்லு தட்டையாக இராது, சோற்றுத் தட்டுப் போலச் சற்றே குழிந்திருக்கும். குதிரை நடக்கையில் வண்டில் பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்தை அந்தக் குழிவுதான் தாங்குகிறது. கடைசியாக இரும்புப் பட்டத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சில்லின் மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி எல்லா மூட்டுகளையும் இறுக்கிவிடும். நமது ஊர்க் கொல்லர்கள் மாட்டு வண்டில் சில்லுக்குப் பட்டம் போட்டதும் இப்படித்தான்.

கூரைக்கு நாங்கள் தெரிந்தெடுத்தது வில் வளைவுக் கூரை. அதற்கு ஆஷ் மரச் சட்டங்களை வளைக்க வேண்டும். நன்கு காய்ந்த பழைய மரம் வளையாமல் முறியும்; ஈரம் உள்ள பச்சை மரமே வளையும். 2012இல் பிரித்தானியாவில் கண்டறியப்பட்ட பூஞ்சண நோயினால் அங்கே ஆஷ் மரங்கள் ஏராளமாக வெட்டப்படுகின்றன. அப்படி வீதியோரம் வெட்டிய மரம் எங்களுக்கு விறகு விலையில் கிடைத்தது. நீளமான பலகைப் பெட்டிக்குள் சட்டத்தை வைத்து, நீராவியில் அவிக்க வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது கணக்கு. வெளியே எடுத்தால் ஆறுமுன் வளைத்து அச்சில் இறுக்கிவிட வேண்டும். அதற்குள்ள நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான். புட்டு அவித்த கைகளுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியவில்லை.

தரைக்குக் கட்டட வேலையில் சாரம் கட்டிய பழைய பலகைகள். முன், பின் சுவர்களுக்கு, இடிக்கப்பட்ட ஒரு சிறிய தேவாலய மண்டபத்தின் சுவர்ப் பலகைகள். மேலும் கீழுமாக இரண்டு துண்டாய்த் திறக்கும் கதவுக்கு, வீடொன்றிலிருந்து கழற்றிய பழைய பைன் கதவு. இழுப்பறைகளுக்கு உடைந்த அலுமாரியின் பித்தளைக் கைபிடிகள். கழிவுப் பொருளில் கட்டுபவர்கள் முதலில் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. யன்னல் கிடைத்த பிறகுதான் சுவரின் அளவு. வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு அதற்குப் பொருந்தும் யன்னலைத் தேடினால் ஆயுள் போய்விடும்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதற்கும் கணக்கு உண்டு. சாமான் ஏற்றும் மரத் தட்டுகளில் முத்திரை ஒன்று இருக்கும். வெப்பத்தால் பதப்படுத்தியது என்ற குறி இருந்தால் பயன்படுத்தலாம். மீதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது என்றிருந்தால் தொடக் கூடாது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பலகையில் சிறு துளைகளும் புதிதாய் உதிர்ந்த மாவும் தெரிந்தால் உள்ளே உயிருள்ள பூச்சி இருக்கிறது என்று பொருள். வாளை வைக்குமுன் பலகை முழுவதும் காந்தத்தை ஓடவிட்டு, மறைந்திருக்கும் ஆணிகளைக் கழற்ற வேண்டும். எங்கள் தாதி அக்கா இதற்கெல்லாம் சேர்த்து ஒரு விதி சொன்னார்: "அழகுக்கு உள்ளதைப் பழசாய் எடு; உயிரைக் காப்பதைப் புதுசாய் வாங்கு." அதன்படி புகைபோக்கிக் குழாய், நெருப்புத் தடுப்புத் தகடு, கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி, மேலே போர்த்தும் நீர்புகாத கன்வஸ் ஆகியவற்றைக் கடையில் வாங்கினோம். செலவில் பாதிக்கு மேல் அந்த நான்குக்கே போனது.

இனி உள்ளே வாருங்கள். வாசல் முன்பக்கம். ஏறியவுடன் இடக்கைப் பக்கம் சிறிய இரும்பு அடுப்பு. அதை அங்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்திலும் நமது நாட்டைப் போல வீதியின் இடப்பக்கமே வண்டி ஓடும். ஓரத்து மரக்கிளைகள் வண்டியின் இடப்பக்கத்தில்தான் உரசும். உள்ளே ஏறுபவரின் இடக்கை வண்டியின் வலப்பக்கம் ஆகையால் புகைபோக்கி கிளைகளில் இடிபடாது. பின்பக்கம் குறுக்கே கட்டில். அதன் கீழ் உள்ள அறைக்குள் பிள்ளைகள் படுப்பார்கள். கன்வஸுக்கு உள்ளே குளிருக்காகக் கம்பளி. கம்பளியை மறைக்க றோமானிகள் பூப்போட்ட நல்ல துணி கட்டுவார்கள். நாங்கள் கட்டியது எங்கள் அம்மாமாரின் பழைய சேலைகள். அடுப்பிலிருந்து தள்ளி, கட்டில் பக்கம் மட்டும்.

வேலை முடியும் தறுவாயில், ஸ்ரோ என்ற ஊரின் குதிரைச் சந்தைக்குப் போனோம். அந்தச் சந்தை 1476இல் அரச சாசனம் பெற்றது. இன்றும் மே, ஒக்டோபர் மாதங்களில் றோமானிக் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. அங்கே பழக்கமான ஒரு முதிய றோமானி அம்மா பிறகு எங்கள் வண்டிலைப் பார்க்க வந்தார். அவர் சில்லையும் பார்க்கவில்லை, பூவேலையையும் பார்க்கவில்லை. "கழுவுகிற பேசின்கள் எங்கே?" என்றார். ஏனென்றால் அவர்கள் மரபில் பாத்திரம் கழுவும் பேசினில் கை, முகம் கழுவக் கூடாது. உடுப்புத் தோய்ப்பது அதில் அறவே ஆகாது. எங்கள் வண்டிலில் தனித்தனியாக மூன்று இருந்தன. அவர்களைப் பார்த்து நாங்கள் வைத்தவையல்ல; நமது வீடுகளில் எச்சிலும் துடக்கும் பார்த்து வளர்ந்த பழக்கத்தில் வைத்தவை. அவர் சிரித்து, "இனி உள்ளே வரலாம்" என்று ஏறினார்.

அவரிடமிருந்து நாங்கள் கேட்டறிந்தவையும், பிறகு தேடிப் படித்தவையும் படத்தில் காணும் வர்ண வண்டிலைப் போல இனியவை அல்ல. 1530இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிச் சட்டம் செய்தது. 1554இல் போகாதவர்களுக்கு மரண தண்டனை என்றது. நாசிகள் இலட்சக்கணக்கான றோமா, சின்ரி மக்களைக் கொன்றார்கள். அவுஷ்விற்சில் குடும்பம் குடும்பமாக அடைக்கப்பட்டிருந்தவர்களில் மிஞ்சியோரை 1944 ஓகஸ்ட் 2 இரவு நச்சு வாயுவுக்கு அனுப்பினார்கள். பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் தங்க இடம் அமைப்பதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. 2022இல் வந்த சட்டம் வீதியோரத் தங்கலை மேலும் கடினமாக்கிவிட்டது. வண்டிலை விரும்புகிறவர்கள் அதில் வாழ்ந்தவர்களை விரும்பவில்லை. ஆகையால் எங்கள் வண்டிலின் கதவோரம் ஒரு பலகையில், இது யாருடைய மரபு, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம்.

வீட்டைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எங்களுள் ஒருத்தியின் குடும்பத்தில் ஒரே தகரக் கட்டு வன்னியில் ஐந்து இடங்களில் கூரையானது. கழற்றிய பொருளில் மீண்டும் வீடு கட்டும் கலையை நமது பெண்கள் எந்தப் பாடசாலையிலும் படிக்காமலே செய்து காட்டினார்கள். ஆனால் அன்று அது வேறு வழியின்றிச் செய்தது. அதை விரும்பிச் செய்யும் வித்தையாக நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

எங்கள் வண்டில் இப்போது ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் முற்றத்தில் நிற்கிறது. ஒரு தடவைக்கு நான்கு பிள்ளைகள் ஏறி, கட்டிலில் இருந்து தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறார்கள். வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளையும் அதற்குள் ஏறினால் உரத்து வாசிக்கிறது.

அதிபர் அவர்களே, இனி எமது வேண்டுகோள். பழைய விடுதிக் கட்டடம் இவ்வருடம் இறக்கப்படவுள்ளது என்று அறிகிறோம். புதிய விடுதி வேண்டும். அதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் கூரையின் பனஞ் சிலாகைகளும், முதிரை நிலைகளும், நாங்கள் பெயர் கீறிய யன்னல் கதவுகளும் பழைய சாமான் வியாபாரிக்கு நிறுத்து விற்கப்பட வேண்டாம். அவற்றைத் தரம் பிரித்து அடுக்கி வைக்க ஒரு கொட்டில் தாருங்கள். ஊரில் உள்ள ஒரு தச்சரைக் கிழமையில் ஒரு நாள் அழைத்து, விரும்பும் மாணவிகளுக்கு வாளும் உளியும் இழைப்புளியும் பிடிக்கப் பழக்குங்கள். மூன்று வருடத்துக்கு அவரது சம்பளத்தையும் கருவிகளின் செலவையும் எங்கள் கிளை ஏற்கும்; அதற்கான கடிதத்தை இன்று தலைவியிடம் கையளிக்கிறோம். பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வாசிகசாலைக்கு வாங்கு செய்யட்டும், மரநிழலில் ஒரு வாசிப்புக் குடில் கட்டட்டும், வண்டிலே செய்யட்டும்.

முன்வரிசைத் தங்கைமாரே, அறுபது வயதில் வாள் பிடித்தவர்கள் சொல்கிறோம்: அதைப் பதினைந்து வயதில் பிடிப்பது இன்னும் இலகு.