மறுபடியும் கேட்ட கேள்வி

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

வழக்கமாக இந்தக் கூடுகையில் புதுக் கட்டிடத்தைப் பற்றியோ, ஆபரேஷன் தியேட்டருக்கு வந்த கருவியைப் பற்றியோ சொல்வோம். இந்த முறை எங்கள் மருத்துவ அதிகாரி, "ஐயா, நீங்கள் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். "நான் போதகன், டாக்டர் இல்லையே" என்றேன். "அதனால்தான் கேட்கிறேன்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போக உங்களுக்கு விளங்கும்.

ஒரு சகோதரியின் காரியத்தைச் சொல்லப் போகிறேன். சபையார் முன்பாகச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். "சொன்னா உங்க பங்கையும் சேத்துச் சொல்லுங்க ஐயா" என்றும் சொன்னார். ஆகையால் சேர்த்தே சொல்கிறேன்.

அவருக்கு வயது 41. ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில் இரத்தம் பரிசோதித்து, சர்க்கரை இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். முதல் ஒரு வருஷம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. பிறகு ஏறத் தொடங்கியது. 250, 300, 400. மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். 52 கிலோ இருந்தவர் 39 கிலோ ஆனார். காலில் ஆறாத புண்ணோடு எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் கொண்டுவந்த பழைய சீட்டில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. ஒன்று, டைப் 2. மற்றது, மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் சரியில்லை.

எழுத்தில் இருப்பதை யார்தான் சந்தேகிப்பார்கள்? எங்கள் வார்டிலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். "சமைக்கிற கை வாய்க்குப் போகாமலா இருக்கும்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதிலும் விழுந்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. ஆனால் சொல்லப்பட்டது அந்தச் சகோதரியின் கட்டிலுக்கு நாலடி தூரத்தில்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "ஐயா, நீங்கள் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்." நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இருபது நிமிஷம் இச்சையடக்கத்தைப் பற்றிப் பேசினேன். ஒரு வேளைக் கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றுப்போட்ட ஏசாவையும் எடுத்துச் சொன்னேன். 39 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணிடத்தில் ஏசாவைப் பற்றிப் பிரசங்கித்தவன் உங்களுக்கு முன்பாக நிற்கிறேன். அவர் தலையைக் குனிந்தபடியே "சரிங்க ஐயா" என்றார். ஜெபித்துவிட்டு, ஊழியம் நன்றாக முடிந்தது என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, பயிற்சி முடித்துப் புதிதாக எங்களிடம் வந்திருந்த ஒரு பெண் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் புத்தி சொல்லவில்லை, கேட்டார். உங்கள் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது சர்க்கரை உண்டா? இல்லை. எடை எப்போதிலிருந்து குறைகிறது? தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன். டாக்டர் சற்று நேரம் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது டைப் 2 தானா என்று எனக்குச் சந்தேகமாயிருக்கிறது. வேறு சோதனை செய்து பார்ப்போம்" என்றார்.

அந்தச் சகோதரி சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் இருக்கிறது. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "மாத்திரை ஒழுங்கா போடலன்னாங்க. போட்டேன்னு சொன்னேன். வாயைக் கட்டலன்னாங்க. கட்டுனேன்னு சொன்னேன். இப்ப நோயே அது இல்லைங்கிறாங்க. அப்ப நான் சொன்னதுல எதைத்தான் ஐயா நம்புனீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவருடைய கணவருக்கோ வேறொரு கவலை. முதலில் சொன்னவர் வயதான பெரிய டாக்டர், இது சின்னப் பிள்ளை, சின்னப் பிள்ளையை நம்பிப் புதுச் செலவு இழுத்து விட்டுக்கொள்வதா என்று கேட்டார்.

இங்கே கொஞ்சம் வைத்தியம் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் டாக்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை என் பாஷையில் சொல்கிறேன். டைப் 2 என்பது வாய்க்காலில் தண்ணீர் வந்தும் வயல் அதைச் சரியாக உறிஞ்சாத நிலை. உடம்பில் இன்சுலின் இருக்கிறது, வேலை செய்யவில்லை. நாளாவட்டத்தில் வரத்தும் குறைகிறது. டைப் 1 என்பது கிணறே வற்றிப்போவது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் சொந்தக் காவல்படையே அந்நியர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. அதே காவல்படை சிலருக்குத் தைராய்டையும் தாக்கும். அதனால்தான் டாக்டர் அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டார். குழந்தைகளுக்குக் கிணறு சில வாரங்களில் வற்றும். பெரியவர்களுக்கு வருஷக் கணக்கில் மெல்ல வற்றுவதுண்டு. அதுவரை மாத்திரை வேலை செய்வதுபோலவே தோன்றும். வற்றிய பிறகு எத்தனை மாத்திரை போட்டாலும் பயனில்லை, இன்சுலின்தான் வேண்டும்.

முன்காலத்தில் ஒன்றைச் சிறுவர் நீரிழிவு என்றும் மற்றதை முதியோர் நீரிழிவு என்றும் அழைத்தார்கள். அந்தப் பெயர்கள் போய் வெகு காலமாயிற்று, ஆனால் அந்த எண்ணம் போகவில்லை. நாற்பது வயதா, டைப் 2 என்று கை தானாக எழுதிவிடுகிறது. இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வை 2018-ல் வெளியிட்டார்கள். 60 வயதுக்குள் வருகிற டைப் 1 நோயில் 42 விழுக்காடு 30 வயதைத் தாண்டியவர்களுக்கே வந்திருந்தது. அந்தத் தேசத்தின் உள்துறை அமைச்சராயிருந்து பின்னாளில் பிரதமரான தெரசா மே அம்மையாருக்கும் 2012-ல், 56 வயதில், முதலில் டைப் 2 என்றுதான் சொன்னார்கள். மாத்திரை பலிக்கவில்லை. மறுபடி சோதித்தபோது டைப் 1 என்று தெரிந்தது. அவர் ஒரு குருவானவருடைய மகள். குருமனைப் பிள்ளைகளுக்கும் இது வரும் என்று போதகர்கள் அறிந்துகொள்வோமாக!

சோதனைகள் இரண்டு. ஒன்று சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே இதையும் அதே அளவு வெளிவிடும். ஊசியில் போடும் இன்சுலினில் இது இருக்காது. ஆகவே கிணற்றில் மீதி எவ்வளவு தண்ணீர் என்பதை இது காட்டும். மற்றது ஜி.ஏ.டி. என்ற எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. காவல்படை உள்ளே புகுந்ததற்கு அது சாட்சி. கூலிக்காரக் குடும்பத்துக்கு இவற்றுக்கு ஆகும் தொகை பல நாள் சம்பளம். அந்தச் சகோதரிக்கு நீங்கள் அனுப்புகிற ஏழை நோயாளர் நிதியிலிருந்து செய்தோம். சி-பெப்டைடு அடிமட்டத்தில் இருந்தது. எதிர்ப்பொருள் இருந்தது. டைப் 1.

டாக்டர் முடிவைச் சொன்ன விதத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அம்மா, நீங்கள் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டையும் கட்டுப்படுத்தித்தான் இருந்திருக்கிறீர்கள். உங்கள் பேரில் தப்பில்லை. இந்த நோய் அந்த மாத்திரைக்குக் கேட்காது" என்றார். அதன் பிறகே மற்றதெல்லாம். அந்த அம்மா அழுத அழுகை இருக்கிறதே, அது ஆயுள் முழுவதும் ஊசி போட வேண்டுமே என்ற அழுகை அல்ல.

அன்று சாயங்காலம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "நீங்க ஏசா கதை சொன்ன அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடலைங்க ஐயா. மறுநாளும் பாதிதான் சாப்பிட்டேன்" என்றார். இன்சுலின் வற்றிப்போன உடம்பு உள்ளுக்குள் பட்டினி கிடக்கிறது. அந்த உடம்பை நான் மேலும் பட்டினி போட்டிருக்கிறேன்.

இது ஒரு பக்கம் மாத்திரம் நடக்கிற தவறல்ல. எங்களிடம் வருகிற ஒரு பள்ளி ஆசிரியருக்கு 24 வயதில் டைப் 1 என்று கண்டுபிடித்தார்கள், இப்போது வயது ஐம்பதுக்கு மேல். கால் முறிந்து வெளியூரில் படுத்திருந்தபோது, இந்த வயதில் உமக்கு என்ன டைப் 1, யார் சொன்னது என்று கேட்டு, இன்சுலினை நிறுத்தி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. இரத்தத்தில் அமிலம் ஏறி, நினைவு தப்பும் நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஆண்டவருடைய கிருபையால் பிழைத்தார். கேள்வி கேட்டதில் தவறில்லை. கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே ஊசியை நிறுத்தியதுதான் தவறு. வேறு சிலருக்கோ வருஷக் கணக்காக இன்சுலின் போட்ட பிறகு, இது குடும்பத்தில் பரம்பரையாக வருகிற ஒரு தனி வகை, மாத்திரையே போதும் என்று தெரியவருவதும் உண்டு. இன்னும் சிலருக்குக் கணையத்தில் கல் இருக்கும், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மருந்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். நம் தேசத்தில் சர்க்கரை நோயுள்ள 10 கோடிக்கு அதிகமானவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு டைப் 2 தான்.

மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு விசேஷமாகச் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே போதிய ஆகாரமின்றி மெலிந்து வளர்ந்தவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் இரண்டு வகையிலும் அடங்குவதில்லை என்று ஏழைகள் நடுவில் ஊழியம் செய்த டாக்டர்கள் வெகுகாலமாய்ச் சொல்லி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-ல் அதை ஒரு தனி வகையாகச் சேர்த்தது. 1999-ல் போதிய ஆதாரமில்லை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம், நோயாளியை எங்கே எடுப்பது? அவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு டாக்டர் டைப் 1 என்பார், இன்னொருவர் டைப் 2 என்பார். 2022-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, இவர்களுடைய உடம்பு இன்சுலினை மறுப்பதில்லை, சுரப்பதுதான் குறைவு என்று நுட்பமாகக் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதற்கு டைப் 5 என்று பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டது. தனி வகையா இல்லையா என்று அறிஞர்களுக்குள் வாதம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். பசியால் வந்த நோய்க்காரனைப் பார்த்து நீ அதிகம் தின்றாய் என்று சொல்லாமலிருக்க அந்த வாதம் முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்கு சுவிசேஷத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். ஆண்டவர் அவனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போய்த் தொட்டார். தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று அவனையே கேட்டார். இத்தனை வருஷம் பிரசங்கித்தும் அந்தக் கேள்வியை நான் கவனித்ததில்லை. அவனும் பயப்படாமல், இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது, ஆட்கள் மரம்போலத் தெரிகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னான். உனக்கு விசுவாசம் போதாது என்று அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆண்டவர் இன்னொரு தரம் தொட்டார். மேய்ப்பருக்கெல்லாம் மேய்ப்பரானவர் இரண்டாம் தரம் தொட்டிருக்க, மூன்று வருஷத்துப் பழைய சீட்டை நாம் வேதவாக்கியமாக எடுத்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் வார்டில் சில ஒழுங்குகள் வந்திருக்கின்றன. மெலிந்துகொண்டே வருகிற பெரியவருக்கு மாத்திரை கேட்கவில்லையென்றால், "மருந்து ஒழுங்கில்லை" என்று எழுதுமுன் வகையைச் சோதிக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவருடைய வகையில் சந்தேகம் வந்தால், முடிவு வரும்வரை இன்சுலின் நிற்கக் கூடாது. அவரிடம் கேட்கும்போது உட்கார்ந்து கேட்க வேண்டும். போதகரைக் கூப்பிடுவது இவற்றுக்கெல்லாம் பிறகு! இந்தக் கடைசி ஒழுங்கை நானே கேட்டு வாங்கினேன். உங்களிடம் நான் கேட்பது அந்தச் சோதனை நிதிக்காக. சி-பெப்டைடை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்கிறோம். மற்றதை வெளியே அனுப்ப வேண்டியிருப்பதால், பணமில்லையென்று நோயாளிகள் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். காணிக்கைக் கவரில் "சோதனை நிதி" என்று எழுதினால் அதற்கே போய்ச் சேரும்.

அந்தச் சகோதரி காலில் புண் ஆறி வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் இன்சுலினை வைத்துக்கொள்கிறார். எடை 47 கிலோ. சென்ற மாதம் சோதனைக்கு வந்த அன்று, 26 வயதுப் பெண் ஒருத்தி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு போடப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சிஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை. இவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "இங்க பாரு தாயி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று அவள் பக்கத்தில் போய் நின்றார். நான் ஸ்டூலைக் கொண்டுபோய் அவர் உட்காரப் போட்டுவிட்டு, அடுத்த வார்டுக்குப் போனேன்.