தொந்தரவு இல்லாதபோதே ஒரு பரிசோதனை



"எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. அப்படிச் சொல்லும் பெண்களோடுதான் இன்று பேச விரும்புகிறேன். தொந்தரவு இல்லாதவர்களுக்காகவே ஏற்பட்ட பரிசோதனை இது.

இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் வழியே பரவும் இந்த வைரஸ், பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்து, தானாகவே போய்விடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்கள் மாறிப் புற்றாவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தனை வருடமும் வலி இருக்காது. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி உதிரப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று அறிகுறிகள் தெரியும்போது நோய் பல பேருக்கு முற்றியிருக்கும்.

இது யாருடைய நடத்தைக்கும் கிடைத்த தண்டனை அல்ல. கணவரைத் தவிர வேறு எவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். அதனால் பரிசோதனைக்குப் போகிறவரை ஊர் தப்பாகப் பார்க்க எந்த நியாயமும் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன செய்வார்கள் என்பது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். திரை மறைவில் மேசையில் படுக்கச் சொல்வார்கள். செவிலியர் ஒரு சிறு கருவியை வைத்து, கர்ப்பப்பையின் வாயைப் பார்ப்பார். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் நனைத்துத் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேசான எரிச்சல் இருக்கலாம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்களோ" என்று பலர் பயப்படுகிறார்கள். புற்றாவதற்கு முந்தைய நிலை என்றால், அந்த இடத்தை மட்டும் குளிர்வித்தோ சூடு கொடுத்தோ அகற்றிவிடலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும்.

இந்த எளிய முறையின் பலனை நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களே உலகத்துக்குக் காட்டினார்கள். 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் அழைக்கப்பட்டார்கள். 31,343 பேர் வந்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 10 பேர்.

ஏன் என்று கேட்டால், வெட்கம், ஆண் டாக்டர் இருப்பாரோ என்ற கூச்சம், ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை என்று பதில்கள் வரும். எனக்கு மிகவும் வலிப்பது இந்தப் பதில்தான்: "புள்ளைங்க பெத்தாச்சு, ஆபரேஷனும் பண்ணியாச்சு, இனிமே அங்க பார்க்க என்ன இருக்கு?" பிள்ளை பெறுவதோடு தன் உடம்பின் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கும் அம்மாக்களே, இந்த நோய் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்கள் உடம்பு முதலில் உங்களுக்காகத்தான் இருக்கிறது.

செவிலியர் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கூச்சத்தோடு வருகிறவரிடம், ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லுங்கள். கணவன்மார்களே, நீங்களே பேச்சை எடுங்கள். அன்றைக்கு வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது வயதைத் தாண்டிய சகோதரிகளே, மாதவிடாய் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். 65 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும். ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், அடுத்து எந்த வருடம் வரவேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.