செக்ரோலில் உங்கள் பெயர்
(ஜொகூர்த் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விடியற்காலை முதல் மரம் மரமாக நடக்கிறோம், இதற்குமேல் தேகப்பயிற்சி எதற்கு?" என்று பால்வெட்டுத் தோழர்கள் கேட்கலாம். குனிந்து குனிந்து வெட்டிய முதுகும் தோளும் நிமிர வேண்டாமா? நாற்காலியே கதியென்றிருக்கும் கிராணிமாருக்கோ, கால்களுக்கு வேலை வேண்டும்.

தொடங்குவோர் பலர்; தொடர்வோர் சிலர். மழையால் இரண்டு நாள் தவறினால், "எல்லாம் போயிற்று" என்று விட்டுவிடுகிறோம். செக்ரோல் எழுதும் கிராணி சொல்கிறேன்: ஒருநாள் வராதவருக்கு அந்த ஒரு கட்டம்தான் வெறுமையாகும், பெயரை அடிப்பதில்லை. மறுநாள் பெரட்டுக்கு வந்தால் கணக்குத் தொடரும். பயிற்சிக்கும் அதே கணக்குத்தான்.

1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில், 50 கிலோமீட்டர் நடையில் நம் நாட்டு வீரர் ஜி. சரவணன் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலான நடை! அதில் ஓடக்கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். அடிமேல் அடி வைத்தே அந்தத் தங்கம் வந்தது.

நாம் தங்கம் கேட்கவில்லை. அறுபது வயதிலும் பேரப்பிள்ளையைத் தூக்கும் உடல் கேட்கிறோம். வேலை முடிந்ததும் திடலில் பத்து நிமிடம் போதும். இருவர் இருவராக வாருங்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் லயத்து வாசலில் நின்று கூப்பிடட்டும். சங்கம் நமக்குக் கற்றுத் தந்ததும் அதுதானே!