ஞாயிற்றை அளந்த பேராசிரியர்



திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது சிலப்பதிகாரம். ஞாயிற்றைப் போற்றுவது கவிஞர் மரபு. அதன் வெப்பத்தில் எவ்வளவு ஒரு வீட்டுக்குள் வந்து தங்கும் என்று அளந்து சொல்வது பொறியியலார் மரபு. அம்மரபுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க வேதிப் பொறியியல் பேராசிரியர் ஹாய்ட் ஹாட்டல்.

இண்டியானா மாநிலத்தில் 1903 இல் பிறந்த அவர், 1922 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாணவராக வந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1968 இல் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். உலைகளில் எரியும் வாயுக்கள் வெப்பத்தைக் கதிராக வீசும் முறையே அவருடைய முதன்மை ஆய்வு. இவ்வாறு எரிபொருளை ஆராய்ந்தவர் கையில்தான் சூரிய ஆற்றல் ஆய்வும் வந்து சேர்ந்தது. பாஸ்டன் தொழிலதிபர் காட்ஃப்ரி கேபட் அவ்வாய்வுக்கென 1938 இல் பெரும் நன்கொடை அளித்திருந்தார்.

மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சிறு கட்டடம் எழுந்தது. கூரையில் கண்ணாடி மூடிய கரிய தகடுகள். அவற்றின் வெப்பத்தை ஏற்று ஓடும் நீர். நிலவறையில் சுமார் 65,000 லிட்டர் கொள்ளும் தொட்டி. கோடை வெயிலைச் சேமித்துப் பனிக்காலத்தில் செலவிடுவதே நோக்கம். அது கைகூடியது, பனிக்காலத்திலும் அறைகள் வெதுவெதுப்பாக இருந்தன. ஆயினும் கூரைக்கும் தொட்டிக்கும் ஆன செலவைப் பார்த்தால், அந்நாளில் எரிபொருளை எரிப்பதே மலிவாக இருந்தது. சூரிய ஆய்வுக்கென்றே பொருள் பெற்றவர் அந்த உண்மையை மறைக்கவில்லை.

வோர்ட்ஸ் என்பாருடன் இணைந்து 1942 இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மூலநூல் போன்றது. தகடு சூடேறச் சூடேற, அது வெளியே இழக்கும் வெப்பமும் கூடும். கண்ணாடி அடுக்கைக் கூட்டினால் இழப்புக் குறையும். உள்ளே நுழையும் ஒளியும் குறையும். பெற்றதிலிருந்து இழந்ததைக் கழித்து எஞ்சுவதே பயன். இக்கணக்கு பின்னர் வில்லியர் என்பாரின் ஆய்வால் செம்மையுற்று, ஹாட்டல்-வில்லியர் சமன்பாடு என வழங்கலாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அவருடைய வெப்ப அறிவு தீக்குண்டு ஆய்வுக்கும் பயன்பட்டது. அரசின் தீப்போர் ஆய்வுப் பிரிவுக்கு அவரே தலைவர். அவருடைய வரலாற்றை எழுதுவோர் இதையும் விடலாகாது.

செலவு பற்றி அவர் சொன்ன தீர்ப்பு, எரிபொருள் மலிந்திருந்த காலத்தின் தீர்ப்பு. புகையால் உலகுக்கு நேரும் கேடு அக்கணக்கில் சேரவில்லை. 1973 இல் எண்ணெய் விலை ஏறியதும் அத்தீர்ப்பு மறு விசாரணைக்கு வந்தது. ஆனால் ஞாயிற்றிடம் மீண்டும் திரும்பியவர்கள் கையில் எடுத்தது அவருடைய சமன்பாட்டைத்தான். ஃபாரிங்டன் டேனியல்ஸ் விருது 1975 இல் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. 1998 இல் அவர் மறைந்தார். கூரை மேல் தட்டைத் தகட்டு வெந்நீர்க் கருவியை வடிவமைக்கப் பயில்வோர் இன்றும் அச்சமன்பாட்டையே கற்கின்றனர்.

அவருடைய தீர்ப்பு காலத்தோடு மாறியது, அளவை நிலைத்தது. விரும்பி மேற்கொண்ட பணியின் குறையைத் தாமே அளந்து சொன்னதால்தான் அது பின்வந்தோர்க்குப் பயன்பட்டது. பத்தாண்டு நிறைவில் தன் கவிதைகளைத் திரும்பிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்கும் அந்த நேர்மை வேண்டும். பாராட்டு விழாவோடு முடிந்துவிடும். குறையையும் நிறையையும் அளந்து சொன்ன சொல், அடுத்து எழுத வருபவர்க்கு உதவும்.