பெயர் அறிந்து பழுது பார்த்தல்

யந்திரங்களைப் பழுது பார்க்கும் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கைத்திறனையே புகழ்கிறார்கள். இறுகிப்போன திருகாணியை முறியாமல் கழற்றுகிற லாகவமும், காதால் கேட்டே என்ஜினின் நோயைச் சொல்லிவிடுகிற அனுபவமும் புகழ்ச்சிக்கு உரியவைதாம். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு, எதிரே இருக்கும் பொருள் இன்னது, இன்னார் செய்தது, இன்ன ஆண்டினது என்று ஐயந்திரிபற அறிந்துகொள்ள வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு கலைதான் என்பதும், மற்றக் கலைகளைவிட அதற்குச் சிரத்தை மிகுதியாக வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். அமெரிக்காவின் பழைய பிக்கப் லாரி ஒன்றின் கார்புரேட்டரை இனங்கண்டு அதற்குரிய ரிப்பேர் கிட்டைத் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு, அந்தக் கலையை இன்று மதிப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

கார்புரேட்டர் செய்யும் வேலை எளியது; செய்யும் விதம் நுட்பமானது. என்ஜின் உறிஞ்சும் காற்று இடுங்கிய கழுத்து ஒன்றின் வழியே புகும்போது அதன் வேகம் மிகுந்து அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே பக்கத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூவலாகக் காற்றிலே கலக்கிறது. இந்த இயல்பை ஆராய்ந்த இத்தாலிய விஞ்ஞானியின் பெயராலேயே அந்தக் கழுத்தை வெஞ்சுரி என்கிறார்கள். தொட்டியில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு ஒரு மிதவையும், மட்டம் உயர்ந்ததும் வழியை அடைக்க ஓர் ஊசி வால்வும் உண்டு. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது கூடுதலாகப் பெட்ரோலைப் பீச்ச ஒரு சிறு பம்பும், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கச் சோக்கும் உண்டு. வார்ப்பு உலோகத்தால் ஆன உடல் ஐம்பது அறுபது ஆண்டுகள் நிலைத்திருக்கும்; தோலாலும் ரப்பராலும் காகிதத்தாலும் ஆன உறுப்புகளோ உலர்ந்து, சுருங்கி, வெடித்துப்போகும். இப்போது அமெரிக்காவில் பெட்ரோலோடு பெரும்பாலும் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்து விற்பதால், அந்தக் கலப்பை அறியாத காலத்து ரப்பர் இன்னும் விரைவாகக் கெடுகிறது. ஆகவே உடலை வைத்துக்கொண்டு உறுப்புகளை மாற்றுகிறார்கள். கேஸ்கெட்டுகள், ஊசி வால்வும் அது அமரும் இருக்கையும், பம்புக்குரிய டயாஃப்ரம் அல்லது தோல் கிண்ணம், சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள், மிதவையின் மட்டத்தை அளக்கக் காகித அளவுகோல் ஒன்று ஆகிய இவையெல்லாம் அடங்கிய சிறு பொட்டலமே கிட்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓஹையோ மாநிலத்தில் என் தங்கையின் மகன் இருக்கும் ஊருக்குச் சென்றிருந்தேன். அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த முதிய அம்மையாரிடம், காலமான கணவர் விட்டுச்சென்ற ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்று இருந்தது. 1968-ஆம் ஆண்டு வண்டி. நிறுத்திய இடத்திலெல்லாம் பெட்ரோல் வாடை வீசும். மிதித்தவுடன் என்ஜின் ஒரு கணம் திக்கித் தடுமாறிப் பிறகே வேகம் பிடிக்கும். நோய் கார்புரேட்டரில் என்பது தெளிவு. உதிரிப் பொருள் கடையில் அந்த அம்மையார் ஆண்டையும் வண்டியின் பெயரையும் சொல்லி ஒரு கிட் வாங்கி வந்திருந்தார். பிரித்துப் பார்த்தால் கேஸ்கெட்டின் நடுவே ஒரே ஒரு பெரிய துளை. அவருடைய கார்புரேட்டருக்கோ காற்று இறங்கும் வழிகள், அதாவது பேரல்கள், இரண்டு. அந்த ஆண்டு எஃப்-100 வண்டிகள் ஆறு சிலிண்டர் என்ஜினோடும் வந்தன, வி-8 என்ஜினோடும் வந்தன. ஆறு சிலிண்டருக்கு ஒற்றைப் பேரல் கார்புரேட்டர், அவருடைய 360 கன அங்குல வி-8-க்கு ஆட்டோலைட் 2100 என்ற இரட்டைப் பேரல் கார்புரேட்டர். கடைக்காரர் கேளாமல் விட்ட ஒரு கேள்வியால் வந்த பிழை இது.

நம்முடைய தர்க்க சாஸ்திரம் அறிவுக்கு வாயில்களாகப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்றெல்லாம் பிரமாணங்களை வகுத்திருக்கிறது. வண்டி 1968, ஆதலால் கார்புரேட்டரும் 1968-இல் இந்த மாதிரிக்கு உரியதுதான் என்று கொள்வது அனுமானம். பழைய வண்டி விஷயத்தில் இதைப்போல் ஏமாற்றுவது வேறொன்றுமில்லை. ஐம்பது ஆண்டுகளில் ஒரு வண்டி எத்தனை கைகளைக் கடந்திருக்கும்! என்ஜினே மாறியிருக்கலாம், உடைத்து விற்கும் இடத்திலிருந்து வேறொரு வண்டியின் கார்புரேட்டர் வந்து ஏறியிருக்கலாம், அளவு பொருந்தியது, ஓடியது என்பதோடு அன்றைய உடைமையாளர் திருப்தி அடைந்திருக்கலாம். ஆகவே வண்டியைக் கேளாமல் கார்புரேட்டரையே கேட்க வேண்டும் என்பது இந்தக் கலையின் முதற்பாடம்.

கேட்டால் அது பதில் சொல்லும். தயாரித்தவர்கள் அதன் மேல் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் காணும் எழுத்துகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதை அறியாதவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அச்சில் வார்க்கும்போதே உலோகத்தில் புடைத்து எழுந்து நிற்கும் எண் ஒன்று. வார்த்து முடித்துப் பாகங்களைச் சேர்த்த பிறகு உளியால் குத்திப் பதித்தாற்போல் குழிந்து நிற்கும் எண் மற்றொன்று. புடைத்த எண் அந்த வார்ப்பைக் குறிப்பது. ஒரே வார்ப்பிலிருந்து பல ரகங்கள் பிறந்திருக்கும். குழிந்த எண்ணோ இந்த ஒரு ரகத்துக்கே உரிய பெயர். குலப்பெயரைச் சொல்லி ஊரில் ஒருவரைத் தேடுவது எப்படியோ, அப்படித்தான் புடைத்த எண்ணைச் சொல்லி கிட் கேட்பதும்.

புடைத்து நிற்கும் எண் சில சமயம் பெயரே அல்ல, அளவு. ஃபோர்டு வி-8 வண்டிகளில் 1938-இலிருந்து வந்த இரட்டைப் பேரல் கார்புரேட்டரின் பக்கத்தில் 94 என்று இருக்கும். வெஞ்சுரியின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் நூற்றில் தொண்ணூற்று நான்கு பங்கு என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய ஸ்ட்ராம்பர்க் 97-க்கும் பெயர் வந்த விதம் இதுவே. ஆட்டோலைட் 2100-இன் இடப்புறத்தில் ஒரு வட்டத்துக்குள் 1.08 என்றோ 1.14 என்றோ 1.21 என்றோ எழுந்து நிற்பதும் அந்தக் கழுத்தின் அங்குல அளவுதான். பாகத்தின் எண் என்று நம்பி இதை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள் பலர்.

அந்த அம்மையாரின் கார்புரேட்டரில் மேல்மூடித் திருகாணி ஒன்றின் அடியில் நகத்தளவான அலுமினியத் தகடு ஒன்று செருகியிருந்தது. ஃபோர்டு நிறுவனத்தார் இத்தகைய தகடுகளில் எழுதும் முறையை ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு அதைப் படிப்பது இன்பமாகவே இருக்கும். முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும்: பி (B) என்றால் 1950-கள், சி (C) என்றால் 1960-கள், டி (D) என்றால் 1970-கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் ஆண்டு. மூன்றாவது எழுத்து வண்டியின் வகுப்பு. அவ்விடத்தில் டி (T) நின்றால் அது லாரி வகையைச் சேர்ந்தது. முழு எண்ணில் நடுவே 9510 என்று வரும். ஃபோர்டின் கணக்கில் அது கார்புரேட்டர் என்ற பாகத்துக்கே பொதுவான எண் ஆதலால் தகட்டில் அதை எழுதாமல் விட்டுவிடுவார்கள். கடைசியில் வரும் எழுத்து சிறியதாகத் தோன்றினாலும் அற்பமானதன்று. கியர் கையால் மாற்றுவதா தானே மாறுவதா என்பது போன்ற பேதங்களை அதுவே பிரிக்கிறது. புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1966 மாடல்களுக்குக் கலிபோர்னியாவிலும் 1968 மாடல்களுக்கு நாடு முழுவதிலும் வந்த பிறகு, இந்தப் பேதங்கள் பெருகின.

தகட்டைத் துடைத்துப் பார்த்தபோது சி (C), 8, டி (T), எஃப் (F) என்று தெளிவாகத் தெரிந்தது. 1968, லாரி. வண்டியின் ஆண்டோடு அப்படியே ஒத்திருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்று மாலையே அந்த எண்ணுக்குரிய கிட்டை வரவழைக்க அந்த அம்மையார் தயாராகிவிட்டார். என் தங்கை மகன்தான் ஒரு நாள் பொறுக்கச் சொன்னான். ஆட்டோலைட் 2100-இன் அடிப்பீடத்து விளிம்பிலும் அந்த எண்ணைக் குத்தியிருப்பார்கள். அதையும் படித்துவிட்டு வாங்கலாம் என்பது அவன் வாதம். பீடத்தைச் சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கல்லாய் உறைந்திருந்தன. கரைப்பானில் தோய்த்த தூரிகையால் அரை மணி நேரம் தேய்த்தான். பிறகு வெள்ளைச் சாக்குக் கட்டியை அந்த இடத்தில் பூசி விரலால் வழித்தான். குழிகளில் மட்டும் சுண்ணம் தங்கி எழுத்துகள் வெளுத்து எழுந்தன. கோயிற் சுவரில் ஈரத்தாளை ஒற்றிக் கல்வெட்டைப் படியெடுக்கும்போது, ஒன்றுமில்லாத கருங்கல்லிலிருந்து ஓர் அரசனின் ஆட்சியாண்டு எழுந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணத்தின் சுவை விளங்கும்.

எழுந்த எழுத்துகள் டி (D), 3, டி (T), எஃப் (F). 1973-ஆம் ஆண்டு லாரியின் கார்புரேட்டர்! அதாவது உடல் ஒரு வண்டியினது, மேல்மூடி வேறொரு வண்டியினது. அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஒரு குளிர்காலத்தில், உடைந்த வண்டிகளை விற்கும் இடத்துக்குப் போய்க் கணவர் ஏதோ ஒரு பாகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததும், கொட்டகையில் இரவெல்லாம் விளக்கு எரிந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன என்றார். புதிய உடலின் மேல் பழைய மூடியைப் பொருத்தியவர், பழைய தகட்டையும் அதே திருகாணியின் கீழேயே திரும்பச் செருகியிருக்கிறார்.

தகட்டில் பொய் ஏதும் இல்லை. மூடியைப் பற்றி அது உண்மையையே சொல்லிற்று. ஆனால் அது கழற்றி மாட்டத் தக்க சாட்சி. ஒருவர் சொல்லக் கேட்கும் சப்தப் பிரமாணம் போன்றது. உடலிலே குத்திய எண் பிரத்தியட்சம். ஆட்டோலைட் 2100-இல் ஊசி வால்வும், முன்புறத்துப் பம்பின் டயாஃப்ரமும், தொட்டியின் அடியிலுள்ள பவர் வால்வும் உடலையே சார்ந்தவை ஆதலால், கிட்டும் உடலின் எண்ணுக்கே வாங்க வேண்டும்.

இந்த இனத்தில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ஃபோர்டு நிறுவனம் 1961-இல் ஆட்டோலைட் என்ற பெயரை விலைக்கு வாங்கியது. அந்த வியாபாரம் போட்டியைக் குலைக்கிறது என்று தொடர்ந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்பளித்ததன் விளைவாக அந்தப் பெயரைக் கைவிட நேர்ந்தது. அதன் பிறகு மோட்டார்கிராஃப்ட் என்ற பெயரே ஃபோர்டு பாகங்களுக்கு வழங்கிற்று. ஆகவே ஒரே கார்புரேட்டரை ஒரு புத்தகம் ஆட்டோலைட் என்றும் மற்றொரு புத்தகம் மோட்டார்கிராஃப்ட் என்றும் சொல்லக் கண்டு திகைக்க வேண்டியதில்லை.

மற்ற நிறுவனத்தாருக்கும் தங்கள் தங்கள் வழக்கம் உண்டு. ஹாலியில் காற்று புகும் மேல்வாயின் பக்கத்தில் லிஸ்ட் என்ற சொல்லும் அதன் பின் எண்ணும் இருக்கும். கார்ட்டரில் மூடித் திருகாணியின் கீழே பித்தளைத் தகடு. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பின் 539எஸ் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஏறிய நான்கு பேரல் ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டில், 1965 முதல் 1967 வரை பக்கத்தில் பதித்த வட்டத் தகட்டிலும், பிறகு உடலின் இடப்புறத்தில் செங்குத்தாகவும் எண்ணைக் காணலாம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் பெரும்பாலும் கையால் மாற்றும் கியர், இரட்டைப்படையானால் தானே மாறும் கியர்.

தகடும் தொலைந்து எண்ணும் தேய்ந்துபோனால் அங்க லட்சணமே கதி. பேரல்கள் எத்தனை, சோக் கம்பியால் இழுப்பதா வெப்பத்தால் தானே திறப்பதா, பீடத்துத் திருகாணிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், த்ராட்டில் துளையின் குறுக்களவு என்ன என்று அளந்து குறிக்க வேண்டும். ராச்செஸ்டர் இரட்டைப் பேரல் 2ஜி-யில், வெளித்தோற்றம் ஒன்றாகவே இருந்தும் துளை ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பெரிய பீடமும், ஒன்றரைக்குச் சற்றுக் குறைந்த சிறிய பீடமும் உண்டு. அளந்தவனுக்கே அந்தப் பேதம் தெரியும். எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சாட்சி பழைய கேஸ்கெட்தான். கிழிந்தாலும் அதை எறிந்துவிடக் கூடாது. ஒரே கிட்டில் பல ரகங்களுக்கும் சேர்த்துக் கேஸ்கெட்டுகளை வைத்திருப்பார்கள். பழையதை அவற்றின் மேல் வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிட்டே தேர வேண்டும். வெற்றிடத்துக்குரிய சிறு துளை ஒன்று அடைபட்டாலும், ஒன்று, என்ஜின் பெட்ரோலில் மூழ்கும்; இல்லையேல் பெட்ரோலுக்கு ஏங்கும்.

அந்த அம்மையாருக்குப் புதிய கிட் வந்த அன்று, சமையலறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பழைய கேஸ்கெட்டின் மேல் புதியதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் வந்தது. மூன்றாம் நாள் வண்டி திக்காமல் தெருமுனை வரை போய்த் திரும்பிற்று; பெட்ரோல் வாடையும் இல்லை. மூடியை இறுக்குவதற்கு முன்பு அம்மையார், கணவரின் தகட்டை எடுத்துவிட மனமில்லாமல், அதன் கீழே தகரத் துண்டு ஒன்றையும் சேர்த்துச் செருகினார். உடலின் எண்ணையும், கணவர் அதை வாங்கி வந்த குளிர்காலத்தையும் ஆணி முனையால் தம் கையாலேயே அதில் கீறியிருந்தார்.