பாரிசவாயுவும் எச்.ஐ.வி. நோயாளரும்

(ஆலய விழாவையொட்டி நடந்த உடல்நலக் கூட்டத்தில் பங்குக் குரு ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பேசத்தக்க பொருள்தானா இது என்று சிலர் நம்மைக் கேட்டார்கள். ஊரும் பேரும் சொல்லாமல் ஒரு நிகழ்ச்சியைக் கூறித் தொடங்குகிறோம்.

ஒரு குடும்பத் தலைவர். வயது ஐம்பதுக்குள். பல ஆண்டுகளாக எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்தவர், மாத்திரை தவறாமல் உண்டு, தம் தொழிலைச் செய்துவந்தார். ஒரு நாள் காலை காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவிற்று. வாய் ஒருபுறம் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. வீட்டார் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. "அங்கே இரத்தம் எடுப்பார்கள், விஷயம் வெளியே வந்துவிடும்" என்ற அச்சம். எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். நமக்குச் செய்தி வந்தபோது நாமும் நோயில்பூசுதலுக்குரிய எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினோமேயன்றி, "முதலில் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லத் தோன்றவில்லை. மாலையில்தான் ஆஸ்பத்திரி சேர்ந்தார். உயிர் பிழைத்தது, வலக்கை திரும்பவில்லை. அந்தத் தவறு இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. ஆகவேதான் பேசுகிறோம்.

1986-ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தபோது, இதற்கு மருந்தில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கிவருகிறது. மருந்தை ஒழுங்காக உண்பவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் காணும் வயதுவரை வாழ்கிறார்கள். ஆனால் மாரடைப்பும் பாரிசவாயுவும் ஏனையோரைவிட இவர்களை அதிகமாகத் தாக்குகின்றன. சிலரை இளவயதிலேயே தாக்குகின்றன.

காரணம் என்ன? மாத்திரை கிருமியை அடக்கிவைக்கிறதேயன்றி, அடியோடு அழிப்பதில்லை. அடங்கிய கிருமியை எதிர்த்து உடல் ஓயாமல் போராடுகிறது. உமிமூட்டத்து நெருப்புப்போல உள்ளேயே கனலும் இந்த அழற்சி இரத்தக் குழாய்ச் சுவர்களைப் பழுதாக்குகிறது, கொழுப்பு படிகிறது, இரத்தம் உறைந்து மூளைக்குச் செல்லும் வழி அடைபடுகிறது. எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களுக்குக் காசநோய் மூளையுறையைத் தாக்கி, அதனாலும் வாதம் வரலாம். பழைய மருந்துகளில் சில கொழுப்பைக் கூட்டின. இவற்றோடு இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவையும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகிறது.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. 5,472 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்தை விட்டுவிட்டு உண்டவர்களிடையேதான் இருதய நோயும் மரணமும் மிகுந்தன. மற்றொன்று, 2023-இல் முடிவு வெளியான பெரிய ஆராய்ச்சி. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுள்ள 7,769 எச்.ஐ.வி. நோயாளர்கள் இதில் பங்கேற்றார்கள். பிட்டாவாஸ்டாட்டின் என்னும் கொழுப்பு குறைக்கும் மாத்திரையைத் தினமும் உண்டவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாயு போன்ற பெருங்கேடுகள் 35 சதவீதம் குறைந்தன. நாற்பது தாண்டியவர்கள் இதுபற்றித் தங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தாமாகக் கடையில் வாங்கி உண்ண வேண்டாம். இவ்வகை மாத்திரைகளில் சில, எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் பெருந்தீங்கு செய்யும். இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டை விட்டொழியுங்கள்.

இனி, யார் வீட்டிலாயினும் சரி, நினைவில் வைக்கவேண்டியது இது. திடீரென முகம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே 108-ஐ அழையுங்கள். நோய் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றாதீர்கள். ஸ்கேன் எடுத்து, அடைப்பா இரத்தக் கசிவா என்று பார்த்தபின், அடைப்பானால் அதைக் கரைக்கும் மருந்து தருவார்கள். அதற்குக் கெடு பொதுவாக நாலரை மணி நேரம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

உண்ணும் எச்.ஐ.வி. மருந்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நோயாளியின் சம்மதமின்றி விவரத்தை வெளியிடுவதும், எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதும் தகாது என்று 2017-இல் இயற்றிய சட்டம் கூறுகிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விழுந்தவரைத் தொட்டுத் தூக்குவதால் இந்நோய் ஒட்டாது என்பதை அக்கம்பக்கத்தாரும் அறிய வேண்டும்.

திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்து சென்ற நால்வரை நீங்கள் அறிவீர்கள். நோய் எப்படி வந்தது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. கூட்டம் மறித்தபோது கூரையைப் பிரித்து இறக்கினார்கள். நம் பங்கில் எவரேனும் விழுந்தால், தூக்க நால்வர் ஓடிவர வேண்டும். காரணம் கேட்க ஒருவரும் வரவேண்டாம்.